உயிர்வேலியும் தேவாங்கும்

திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர் எழுகிறது. தென்கிழக்கே சிறுமலை நிற்கிறது. வடகிழக்கே அய்யலூரிலிருந்து கடவூர் நோக்கி வறண்ட குன்றுகள் தொடர்கின்றன. குடகனாற்றில் நீரோடும் நாள்கள் குறைவு; வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கிணறும் வறளும். இங்கு வாழ்வோர் சுற்றுச்சூழல் கேட்டை நூல்களில் படித்து அறிய வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் மண்ணில் இறங்கிக் கிணற்று நீர் உவர்த்துப்போனதை அவர்கள் நாவே சொல்லும். குளக்கரைகளில் குவியும் நெகிழிக் குப்பையையும், வாய்க்காலை அடைத்து வளரும் சீமைக் கருவேலத்தையும் அவர்கள் நாள்தோறும் கண்டுவருகின்றனர்.

இவையெல்லாம் பகலில் தெரியும் கேடுகள். ஆகவே அவற்றைக் குறித்து முறையீடுகள் எழுகின்றன, வழக்குகளும் நடக்கின்றன. பொழுது சாய்ந்தபின் விழித்தெழும் உயிர்களுக்கு நேரும் கேடு எளிதில் எவர் கண்ணிலும் படுவதில்லை. அவ்வாறு நம் தோட்டத்து வேலியிலேயே வாழ்ந்து, நாம் அறியாமலேயே இடமிழந்து வரும் உயிர் தேவாங்கு. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், கரூர் மாவட்டத்தின் கடவூர் வட்டத்தையும் திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களையும் தழுவிய 11,806 எக்டேர் காட்டுப்பகுதியைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் புகலிடம் இதுவே. பெருமைக்குரிய செயல். ஆயினும் புகலிடத்தின் எல்லைக்கல் நிற்கும் இடத்தில் தேவாங்கின் வாழ்வு நின்றுவிடுவதில்லை. அதன் உடலமைப்பையும் நடத்தையையும் ஆராய்வோர்க்கு ஓர் உண்மை விளங்கும்: அதன் வருங்காலம் பெருமளவுக்கு நம் வேலியிலும், விளக்கிலும், பயிருக்கு அடிக்கும் மருந்திலும் அடங்கியிருக்கிறது.

தொல்குடி உயிர்

குரங்குகளும் மனிதரும் அடங்கிய முதனி வரிசையில் மிகப் பழங்கிளை ஒன்றைச் சேர்ந்தது தேவாங்கு. மடகாசுகர் தீவின் இலெமூர்களும் ஆப்பிரிக்கக் காடுகளின் புதர்க்குட்டிகளும் இதற்கு உறவினம். தேவாங்குகளில் இருவகை உண்டு. செந்தேவாங்கு இலங்கையில் மட்டுமே வாழ்கிறது. சாம்பல் தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. திண்டுக்கல் முட்காடுகளில் இருப்பது இந்தச் சாம்பல் தேவாங்கின் வறள்நில உள்ளினம்.

உடல் ஒரு சாண் நீளம், எடை கால் கிலோவுக்குச் சற்று முன்பின், வால் இல்லை, கைகால்கள் குச்சிபோல் மெலிந்தவை. முகத்தின் பெரும்பகுதியை இரு கண்களே நிறைத்திருக்கும். அக்கண்களின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உள்ளது. ஒருமுறை விழித்திரையைக் கடந்த ஒளி, இப்படலத்தில் பட்டு மீண்டும் விழித்திரைக்கே திரும்புவதால், விண்மீன் ஒளியளவு மங்கிய வெளிச்சத்திலும் அதற்குப் பார்வை கிடைக்கிறது. இரவில் விளக்கடித்துத் தேடுவோர்க்கு அதன் கண்கள் தணல்நிறத்தில் ஒளிர்வதும் இப்படலத்தாலேயே. அதன் நடத்தையைக் குலைக்காதிருக்க, ஆய்வர்கள் தம் தலைவிளக்கில் சிவப்புத்தாள் ஒட்டிக்கொண்டு காட்டுக்குள் செல்வது வழக்கம்.

கையும் வியப்புக்குரியது. சுட்டுவிரல் குறுகி, கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக அகன்று விரிந்திருப்பதால், கிளையை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கியாக அது இயங்குகிறது. கைகால்களின் குருதிக்குழாய்கள் மெல்லிய பல இழைகளாகப் பிரிந்து வலைபோல் பின்னியிருக்கின்றன. தசை நெடுநேரம் இறுகியிருந்தாலும் குருதியோட்டம் தடைப்படாதிருக்க இவ்வமைப்பு துணைசெய்கிறது. ஆகவே ஒரு கிளையை இறுகப் பற்றியவாறே மணிக்கணக்கில் அசையாதிருக்க அதனால் இயலும்.

இத்தனை திறம் பெற்ற உயிருக்கு ஒரு திறம் மட்டும் வாய்க்கவில்லை: தேவாங்கு தாவாது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குச் செல்லவேண்டுமாயின், பின்கால்களால் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு, உடலை நீட்டி, முன்கைகளால் மறுகிளையை எட்டிப்பிடிக்க வேண்டும். எட்டாத இடைவெளி எதிர்ப்பட்டால் அது தரையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். தரையில் நாய் உண்டு, காட்டுப்பூனை உண்டு, ஊர்தியும் உண்டு. தேவாங்கைக் காக்க எண்ணுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை இது.

அய்யலூர் இரவுகள் கற்பித்தவை

தேவாங்கைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் கணிசமான பகுதி திண்டுக்கல் மண்ணிலிருந்து கிடைத்தது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் ஆன்னா நெகாரிஸ் என்னும் ஆய்வர் அய்யலூர்க் காட்டில் பத்துத் திங்களுக்கும் மேலாகத் தங்கி, இரவு முழுதும் தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங் குழுவினர் திண்டுக்கல் வட்டாரத்தில் தேவாங்குகளின் நிலையைக் கணக்கெடுத்து 1999இல் வெளியிட்டனர். சிந்து இராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் அவற்றின் இனப்பெருக்கத்தையும் கூட்டு வாழ்வையும் தொடர்ந்து ஆராய்ந்தனர்.

நெகாரிஸ் பதிந்த உணவுக் குறிப்புகளில் 96 விழுக்காடு விலங்குணவே. அதிலும் எறும்பும் கறையானும் மிகுதி. வண்டு, சிலந்தி, சிற்றோணான், பல்லி ஆகியவையும் உண்டு. மரப்பிசின் முதலானவை மிகச் சிறு பங்கே. மற்ற விலங்குகள் விலக்கும் கடிக்கும் பூச்சிகளையும் நச்சுச்சுவைப் பூச்சிகளையும் இது விலக்குவதில்லை. எறும்பு மொய்க்கும் கிளையருகே சென்று, ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகையால் ஒவ்வொன்றாக எடுத்து வாயிலிடும். உணவு தேடுமுன் தன் கைகால்களில் சிறுநீரைப் பூசிக்கொள்ளும் பழக்கமும் அதற்கு உண்டு. கடியின் எரிச்சலைத் தணிக்க இது உதவலாம் என்பது ஆய்வர் கருத்து.

பகலில் தாயும் குட்டிகளும் ஓரிரு ஆண்களும் ஒன்றையொன்று தழுவியவாறு முட்புதரின் உள்ளே உறங்கும். அந்தி மயங்கியதும் கூரிய சீழ்க்கையொலி எழுப்பியவாறு தனித்தனியே பிரியும். குட்டி சில வாரங்கள் தாயின் வயிற்றைப் பற்றித் திரியும். பின்னர்த் தாய் அதனைப் பாதுகாப்பான ஒரு கிளையில் இருத்திவிட்டு இரைதேடச் செல்லும். கருக்காலம் ஏறத்தாழ ஐந்தரைத் திங்கள். ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டி. இத்துணைச் சிறிய உடலுக்கு இது மிக மெதுவான பெருக்கம். எலியினம் ஓராண்டில் ஈடுசெய்யும் இழப்பைத் தேவாங்கினம் பல ஆண்டுகளிலும் ஈடுசெய்ய மாட்டாது.

வேலி என்னும் வழி

தேவாங்கு அடர்ந்த மழைக்காட்டு உயிர் என்று எண்ணுவோர் உளர். திண்டுக்கல் ஆய்வுகள் காட்டுவது வேறு. உசிலையும் வெள்வேலும் குடைவேலும் நிறைந்த வறண்ட முட்காடு, அதன் விளிம்பு, விளிம்பை ஒட்டிய தோட்டங்களின் புதர்வேலி ஆகியன யாவும் அதன் உறைவிடமே. தோட்டங்களைச் சூழ்ந்த உயிர்வேலி ஒரு குன்றின் காட்டையும் மறுகுன்றின் காட்டையும் இணைக்கும் நெடும்பாதையாக அதற்குப் பயன்படுகிறது.

கிளுவை வேலி ஒன்றை அருகில் நின்று பார்த்தால் இது தெளிவாகும். மழைக்காலத்தில் கிளுவைக் குச்சிகளை வரிசையாக ஊன்றுவர். அவை வேர்பிடித்துத் துளிர்க்கும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சங்கஞ்செடியும் காரையும் இடையே முளைக்கும். கோவையும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் மேலே படரும். ஆள் நுழைய முடியாத அளவுக்குக் கிளைகள் பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலுக்குள் எறும்பு கூடுகட்டும், சிலந்தி வலைவிரிக்கும், பச்சோந்தி ஏறும், சின்னான் முட்டையிடும், அடியில் கீரி வளைதோண்டும். ஆட்டுக்குத் தழையும், வீட்டுக்குக் கீரையும் விறகும் தருவது அதே வேலி. காற்றின் வேகத்தைத் தணித்து மண்ணரிப்பைத் தடுப்பதும் அதுவே. தாவ இயலாத தேவாங்குக்கு, தரை மிதியாமல் செல்ல ஏற்ற தொடர்கிளை வழி இதனினும் சிறந்தது இல்லை.

இன்று இவ்வேலிகள் விரைந்து மறைகின்றன. நிலம் மனையாகும்போது முதலில் விழுவது வேலி. நிலம் நிலமாகவே இருந்தாலும், கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுகின்றனர். வேலிக்கு விடும் அகலத்தில் இன்னும் இரு வரிசை பயிரிடலாம் என்பது கணக்கு. வேலியை ஆண்டுதோறும் கழித்துச் சீராக்கும் ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மையான இடர்ப்பாடே. ஆயினும் ஒரு தோட்டத்தின் வேலி விழும்போது அறுபடுவது ஒரு தோட்டத்தோடு நிற்பதில்லை; அதன் இருமருங்கும் உள்ள காடுகள் தனித்தீவுகள் ஆகின்றன. தீவில் சிக்கிய சிறு கூட்டம் உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து வலுவிழக்கும். ஒரு கொடிய வறட்சியோ காட்டுத்தீயோ வந்தால் அடியோடு மறையும். திருச்சி செல்லும் நான்குவழிச் சாலை அய்யலூர் வழியே இந்நிலத்தைக் கீறிச் செல்வதால் இப்பிளவு இன்னும் ஆழமாகிறது.

ஒளி, கம்பி, நஞ்சு

இருளில் பார்க்கவென அமைந்த கண்ணுக்கு மிகையொளி துன்பமே. மின்விளக்குகள் சாலைக்கும் ஆலை முற்றத்துக்கும் தோட்டத்து வீட்டுக்கும் பெருகிவிட்டன. வெண்ணொளி விளக்கு சுற்றுப்புறப் பூச்சிகளைத் தன்பால் ஈர்க்கிறது; விளக்கடியில் சுழன்று அவை விடிவதற்குள் மடிகின்றன. புதரில் பூச்சி குறைந்தால் பூச்சியுண்ணும் உயிருக்கு இரை குறைகிறது.

மின்கம்பியும் தேவாங்குக்குக் கூற்றாகிறது. கிளையென்றோ கொடியென்றோ அதனைப் பற்றும் தேவாங்கு, ஒரு கை ஒரு கம்பியிலும் மறுகை அடுத்த கம்பியிலுமாக நீளும்போது மின் தாக்கி மடிகிறது. இலங்கையில் இத்தகைய இறப்புகள் பதிவாகியுள்ளன.

தக்காளி, முருங்கை, மா, காய்கறி என விளையும் இச்சமவெளியில் பூச்சிக்கொல்லியின் பயன்பாடு மிகுதி. மருந்து தீங்குப்பூச்சியை மட்டும் தேர்ந்து கொல்வதில்லை. இரையைக் கொன்று தேவாங்கைப் பட்டினியில் ஆழ்த்தும். நஞ்சேறிய இரைவழியே அதன் உடலுக்குள்ளும் செல்லும். இதில் உழவர்க்கும் இழப்பு உண்டு. இரவெல்லாம் வேலியோரம் பூச்சியை உண்டு திரியும் தேவாங்கு கூலி கேளாத காவலாள். அது உழவர்க்கு நன்மை செய்யும் உயிர் என்பதைச் சரணாலயம் அமைத்தபோது அரசும் எடுத்துக்கூறியது.

மூடநம்பிக்கை என்னும் வலை

தேவாங்கின் குரல் கேட்டால் தீங்கு வரும் என்றும், அதன் கண்ணும் உடலும் மருந்துக்கும் மந்திரத்துக்கும் ஆகும் என்றும் பரவிய நம்பிக்கைகள் தென்னிந்தியாவில் எண்ணற்ற தேவாங்குகளின் உயிரைக் குடித்துள்ளன. குறிசொல்லும் தொழிலுக்காகவும் அவை பிடிக்கப்பட்டன. இருளில் ஒளிரும் கண்ணின் காரணம் ஓர் ஒளிதிருப்பும் படலம். அசையாத உடலின் காரணம் குருதிக்குழாய்ப் பின்னல். இவற்றில் மந்திரம் ஏதுமில்லை. இவற்றை அறிந்த ஒரு பள்ளி மாணவர் தம் வீட்டில் எடுத்துச் சொன்னால், அச்சம் தானே அகலும்.

சட்டமும் உறுதியாக நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தேவாங்கை முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் இணையாக வைத்துள்ளது. அதனைப் பிடிப்போர்க்கும் கொல்வோர்க்கும் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் சீட்ஸ் அறக்கட்டளை போன்ற தன்னார்வ அமைப்புகள் சிற்றூர்தோறும் விழிப்புணர்வுப் பணியைச் செய்துவந்துள்ளன. ஈனும் குட்டிகளின் எண்ணிக்கை குறைவான ஓர் இனத்தில், பிடிபடும் ஒவ்வொரு தாய்க்கும் ஈடு இல்லை என்பதால் இப்பணியின் தேவை இன்னும் தீரவில்லை.

செய்யத்தக்கவை

தேவாங்கைக் காக்க ஊரைக் காலிசெய்ய வேண்டாம். உழவை நிறுத்த வேண்டாம். இருக்கும் உயிர்வேலியை அழியாது காப்பது முதற்கடமை. கம்பிவேலி தேவைப்படுவோர் கம்பியை ஒட்டியே கிளுவை நட்டால் காவலும் கிடைக்கும், பசுமையும் நிற்கும். சரணாலயத்தை அடுத்த ஊராட்சிகளில் வேலியைப் பேணும் உழவர்க்கு ஊரக வேலைத்திட்டத்தின்வழி கழிப்புக்கூலி உதவினால், ஆள் கிடைக்காத குறை நீங்கும். வால்பாறைப் பகுதியில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே கட்டிய பாலங்கள் பயன்தந்துள்ளன. தாவாத தேவாங்குக்கு ஏற்ற வகையில், அத்தகைய பாலங்களை அய்யலூர்ச் சாலைகளின் மேலும் அமைத்துப் பார்க்கலாம். காட்டோரத்து மின்கம்பிகளுக்கு உறையிடுவதும் கைக்கெட்டிய தீர்வே.

தெருவிளக்கின் ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மூடி பொருத்தலாம். வெண்ணொளிக்கு மாறாக மஞ்சளொளி இடலாம். ஆள் நடமாட்டம் இல்லாத வேளையில் அணைக்கலாம். இதனால் மின்கட்டணமும் குறையும். வேலியை ஒட்டிய பாத்திகளிலாவது பூச்சிக்கொல்லி தவிர்க்கலாம். வழிதவறி வீட்டருகே வந்த தேவாங்கைக் கண்டால், கூட்டம் கூட்டாமல், கையால் தொடாமல், வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அரசு காட்டுக்கு எல்லை வகுத்துத் தன் கடமையைத் தொடங்கிவைத்தது. எல்லைக்கு வெளியே உள்ள நிலம் உழவர்க்கும் ஊராட்சிக்கும் நகரத்தார்க்கும் உரியது. அங்கே காவலர் அவர்களே. இச்சமவெளியில் கிணற்று நீர் கெட்டபோது அதை மீட்பது எவ்வளவு அரிது என்பதை நாம் பட்டு அறிந்தோம். இழந்தபின் மீட்க முயல்வதினும், இருக்கும்போதே காப்பது எளிது. கிளுவைக் குச்சி ஊன்றச் செலவு மிகக் குறைவு. அடுத்த மழைக்காலத்திலேயே அப்பணியைத் தொடங்கலாம்.