எல்லை தாண்டிய சகோதரிகள்

ஆலயத்தில் பாடுவோருக்கு அரங்க இசை வராது என்பார் சிலர். அமெரிக்காவின் பாயிண்டர் சகோதரிகள் அக்கூற்றைப் பொய்யாக்கினர்.

ரூத், அனிதா, பானி, ஜூன் ஆகிய நால்வரும் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஒரு போதகரின் புதல்வியர். ஆலயப் பாடற்குழுவே அவர்களது இசைப்பள்ளி. ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடி, நான்கு குரலையும் ஒன்றாக இழைக்க அங்கே கற்றனர்.

1973-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் ஜாஸும் ஃபங்க் இசையும் கலந்திருந்தன. பழைய துணிக்கடைகளில் வாங்கிய 1940-களின் பாணி உடைகளே மேடை அலங்காரம்! பின்னர் அனிதாவும் பானியும் எழுதிய 'ஃபேரிடேல்' கண்ட்ரி வகைப் பாடல். அது வெள்ளையரின் இசை என்று எண்ணப்பட்ட காலம் அது. ஆயினும் 1974-இல் அவ்விசையின் கோட்டையான நாஷ்வில் நகர கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் இக்கறுப்பினச் சகோதரிகள் பாடினர். மறு ஆண்டே அப்பாடல் கிராமி விருது பெற்றது.

1977-இல் பானி பிரிந்து சென்றார். எஞ்சிய மூவரும் தளராமல் பாப் இசையில் இறங்கினர். 1985-இல் 'ஜம்ப்', 'ஆட்டோமேட்டிக்' ஆகிய பாடல்களுக்கு மேலும் இரு கிராமி விருதுகள் கிடைத்தன.

ஜூன் 2006-லும், பானி 2020-லும், அனிதா 2022-லும் மறைந்தனர். இசைவகை பல மாறினும், ஆலயத்தில் கற்ற குரலிணைவு மட்டும் அவர்களிடம் மாறவேயில்லை.

தோழியரே, அடித்தளம் உறுதியாயின் எத்திசையிலும் துணிந்து செல்லலாம் அன்றோ!