நடந்தால்தான் பிழைக்கும் முட்டி

முட்டி வலி என்று சொன்னதுமே, “நடையைக் குறை, இருக்கிறதும் தேய்ந்துவிடும்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால், முழங்காலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அந்த அறிவுரையை ஏற்க மனம் வராது.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். ஓரடி எடுத்துவைத்தால் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் முழங்காலில் இறங்குகிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. காண்ட்ரோசைட் எனப்படும் செல்களும் மிகச் சொற்பம். மற்றதெல்லாம் அந்தச் செல்கள் உருவாக்கிய கொலாஜன் வலை, அதில் சிக்கிய அக்ரிகன் என்ற மூலக்கூறு, அக்ரிகன் இழுத்துவைத்திருக்கும் தண்ணீர்.

நரம்பே இல்லாத இடத்தில் பாரத்தை அறிவது யார்? செல்லேதான். பாதம் ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கிக் கொஞ்சம் தண்ணீர் வெளியேறுகிறது. செல்லைச் சுற்றி உப்பு கூடுகிறது. பாதம் எழும்போது தண்ணீர் திரும்புகிறது. உப்பு குறைந்து செல் உப்புகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் செல்சவ்வில் உள்ள டிஆர்பிவி4 என்ற வாயில் திறந்து, கால்சியம் உள்ளே பாய்கிறது. புதிதாக அக்ரிகனும் கொலாஜனும் தயாரிக்க அதுவே உத்தரவு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பன்றியின் செல்களை வைத்து இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். வாயிலை மருந்தால் அடைத்தபோது, அழுத்தம் கொடுத்தும் பலன் இல்லை. அழுத்தமே இல்லாமல் மருந்தால் திறந்துவிட்டபோதோ உற்பத்தி கூடியது!

விடாமல் அழுத்தினாலும் கெடுதல்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1989இல் கன்றுக்குட்டியின் குருத்தெலும்பை விடாமல் அழுத்தியபோது உற்பத்தி குறைந்தது. அழுத்துவதும் விடுவதுமாக இருந்தபோது கூடியது. நடை என்பது இதைத்தானே செய்கிறது?

பலமான அடி விழுந்தால் திறப்பவை வேறு வாயில்கள்: பியசோ1, பியசோ2. இவற்றை 2010இல் அடையாளம் காட்டிய விஞ்ஞானி ஆர்டெம் பட்டாபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவற்றின் வழியே கால்சியம் மிதமிஞ்சிப் புகுந்தால் செல் செத்துப்போகும். சிலந்தி விஷத்திலுள்ள ஒரு புரதத்தால் இவற்றை அடைத்தபோது, காயப்பட்ட குருத்தெலும்பில் செல் சாவு குறைந்தது. இழந்த குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை என்பதால், எனக்கு இது பெரிய நம்பிக்கையாகத் தெரிகிறது. மனிதருக்கான மருந்தாக இன்னும் வரவில்லை.

தண்டுவடம் அடிபட்டுக் கால் அசையாதவர்களுக்கு முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். சுமையே இல்லாவிட்டாலும் குருத்தெலும்பு மெலிகிறது. எனவே முட்டி வலிக்காரர்களே, எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள்; நீங்களாகவே நடையை நிறுத்திவிடாதீர்கள்.