மலை உயரத்துக்கு ஓர் அம்மா!

"அம்மா, செஞ்சிக் கோட்டை வரைஞ்சிருக்கேன் பாரேன்!" என்று குழந்தை நோட்டை நீட்டுகிறது. பார்த்தால், மலையும் அம்மாவும் ஒரே உயரம்! கோட்டையோ தீப்பெட்டி மாதிரி உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "என்னடா இது, நான் மலை ஒசரமா இருக்கேன்?" என்று சிரித்துவிட்டு, ரப்பரைத் தேடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் படம் தப்பு என்று யார் சொன்னது?

சிங்கவரத்துச் சிற்பி செய்ததும் அதுதான்

செஞ்சிக்கு வடக்கே, சில கிலோமீட்டர் தூரத்தில் சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில் உள்ள ஊர். மலையைக் குடைந்து, அந்தப் பாறையிலேயே பள்ளிகொண்ட அரங்கநாதரைச் செதுக்கியிருக்கிறார்கள். நீளம் சுமார் 24 அடி! அவர் உந்திக்கமலத்தில் இருக்கும் பிரம்மாவோ சின்னஞ்சிறு உருவம். 'படைப்புக் கடவுளை இப்படிச் சின்னதாக்கலாமா?' என்று நாம் கேட்பதில்லை. அங்கே பெருமாள்தான் முக்கியம், அதனால் பெரிசு. பூஜை அறையில் மாட்டும் தஞ்சாவூர் ஓவியத்திலும் கிருஷ்ணன் பெரியவன், சுற்றி நிற்பவர்கள் சிறியவர்கள்.

குழந்தையின் கணக்கும் இதுவேதான். மலையைவிட அம்மா முக்கியம். அவ்வளவுதான்!

குழந்தைகளின் ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். ஏறக்குறைய ஏழு முதல் ஒன்பது வயது வரை, அடியில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்துவது குழந்தையின் வழக்கம். ஒன்பது வயசுக்குமேல்தான் ஒன்றை ஒன்று மறைப்பதும், தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரிவதும் அதன் கண்ணில் படத் தொடங்குகின்றன. ஆகவே ஐந்து வயசுக் குழந்தையிடம் ரப்பர் வேண்டாம். "இது யாரு? என்ன பண்றாங்க?" என்று கேளுங்கள், போதும்.

உதவி தேவைப்படும் வயசு

பத்து வயசில் நிலைமை மாறுகிறது. "கண்ணுக்குத் தெரியற மாதிரி வரலையே!" என்று குழந்தைக்கே தோன்றுகிறது. "எனக்கு டிராயிங் வராதும்மா" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிற வயசு இதுதான். அப்போது கைகொடுத்தால், வரைகிற ஆசை பிழைத்துக்கொள்ளும். அதற்கு நீங்கள் ஓவியராக இருக்க வேண்டியதில்லை. நாலு விஷயம் தெரிந்தால் போதும்.

ஒன்று: துணைக்கு ஓர் ஆள்.

செஞ்சியின் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். காகிதம் நிறைய வரைந்துவிட்டால் மட்டும் அந்த உயரம் வந்துவிடாது. உருண்டைப் பாறைகள் கூழாங்கல் குவியல் மாதிரிதான் இருக்கும். அடிவாரத்தில் கல்யாண மகாலையும், அதன் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு மனிதனையும் போடச் சொல்லுங்கள். மலை சட்டென்று வளர்ந்துவிடும்! மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில் பெரிய யானையின் காலடியில் குட்டிகள் நிற்கின்றனவே, அந்தக் குட்டிகளால்தான் யானை இன்னும் பெரிசாகத் தெரிகிறது.

இரண்டு: பென்சிலால் அளப்பது.

கையை நன்றாக நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு மைல் தள்ளி நின்றால் ராஜகிரி பென்சிலில் நாலு அங்குலத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு மைல் போனால் அதில் பாதி. அவ்வளவு பெரிய நிலாவைக்கூட, நீட்டிய கையில் பிடித்த ஒரு பட்டாணி மறைத்துவிடும்! குழந்தைக்கு இது ஒரு நல்ல வேடிக்கை.

மூன்று: மறைப்பதும் உயர்த்துவதும்.

இதைச் சமையலறையிலேயே பழகலாம். தரையில் பக்கத்தில் ஒரு டம்ளர், நாலடி தள்ளிப் பின்னால் ஒரு குடம். டம்ளர் குடத்தில் ஒரு பகுதியை மறைக்கட்டும். மறைந்த பகுதியை வரையக் கூடாது. குடத்தின் அடிப்பாகம், காகிதத்தில் டம்ளரின் அடியைவிடச் சற்று மேலே வரவேண்டும். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், நடுவில் இருக்கும் நாலடி இடம் காணாமல் போய்விடும்.

நான்கு: தூரத்தின் நிறம்.

பக்கத்துப் பாறையில் வெடிப்பு, புல், நிழல் எல்லாம் தெளிவாகத் தெரியும். தொலைவில் உள்ள மலை, நடுவில் இருக்கும் காற்றினால் வெளிறி, லேசான நீலமாகத் தெரியும். எனவே முன்னால் இருப்பதை அழுத்தி வரையலாம். பின்னால் போகப் போகப் பென்சிலை லேசாக ஓட்டினால் போதும்.

செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. விடுமுறையில் போகும்போது தண்ணீர், தொப்பியோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் உட்கார்ந்து அரைமணி நேரம் வரையட்டும். நீங்களும் கூடவே வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை!

படத்தின் மூலையில் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மலை உயரத்துக்கு அம்மாவை வரைந்த பழைய படத்தையும் சேர்த்துத்தான். அந்த உயரத்தில் பிள்ளைகள் நம்மை வைத்திருக்கும் வருஷங்கள் கொஞ்சம்தானே!