மண்டி மொஹல்லாவில் ஒரு ஞாயிறு

"மண்டி" என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அரிசி மண்டி, வெல்ல மண்டி, வாழைக்காய் மண்டி என்று நம் ஊர்களில் மொத்த வியாபாரம் நடக்கும் இடம் அதுதான். "மொஹல்லா" என்றால் உருதுவில் பேட்டை. இரண்டும் சேர்ந்த மண்டி மொஹல்லா, மைசூர் ரயில் நிலையத்திலிருந்து இர்வின் சாலை வழியே நடந்தே போகக்கூடிய பழைய கடைவீதிப் பகுதி.

பெங்களூரில் கணக்கு எழுதும் குமாஸ்தா ஒருவர், பீன்யாவில் லேத் ஓட்டும் தொழிலாளி ஒருவர். இருவருக்கும் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பெரியவருக்கு ஐம்பது வயது. இளையவருக்கு முப்பதுகூட இல்லை. ஓராண்டுக்கு முன் தாயாரின் ஆபரேஷனுக்காகப் பெரியவரிடம் பணம் வாங்கிய இளைஞரால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பெரியவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் இளைஞர் அவர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். போன் வந்தாலும் எடுப்பதில்லை.

ஒருநாள் பெரியவரே பீன்யாவுக்குப் போய் நின்றார். "ஞாயிற்றுக்கிழமை மைசூர் போறோம், தம்பி. ஆளுக்கு முந்நூறு ரூபாய். அதுக்கு மேலே ஒரு காசு கிடையாது" என்றார். சிறு வயதில் மண்டிக் கடையில் கணக்கெழுதிய ஊர் அவருக்கு அது.

அசோகரும் அக்பரும்

பெங்களூரிலிருந்து மைசூர் சுமார் 140 கிலோமீட்டர். முன்பதிவில்லாப் பெட்டியில் போனால் பஸ்ஸைவிடச் செலவு குறைவு.

மண்டி மொஹல்லாவின் தெருப் பெயர்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை உண்டு. அசோகா சாலையும் அக்பர் சாலையும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. நூற்றாண்டுகள் தள்ளி ஆண்ட இரு பேரரசர்கள் இங்கே அண்டை வீட்டுக்காரர்கள்!

அக்பர் சாலையில் 1930 முதல் நடந்துவரும் ஹனுமந்து ஓட்டலின் மட்டன் புலாவ் பெயர் பெற்றது. காலை வேளையிலேயே இட்லி, தோசைக்குப் பதிலாகப் புலாவ் சாப்பிடுவது இங்கே பலருக்குப் பழக்கம். இருவரும் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டார்கள். இளைஞர் பணம் கொடுக்கப் பையில் கைவிட்டபோது, "உன் பங்கு மட்டும் போதும்" என்று பாதியை வாங்கிக்கொண்டார் பெரியவர். தர்மமாகச் சாப்பிட வைத்தால் இளைஞர் இன்னும் கூசிப்போவார் என்று அவருக்குத் தெரியும்.

பைசா கேட்காத காட்சிகள்

அசோகா சாலையிலேயே வடக்கே நடந்தால் புனித பிலோமினா பேராலயம். 1933-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இதற்கு அடிக்கல் நாட்டினார். இந்து மன்னர் அடிக்கல் நாட்டிய இந்தக் கோயில், ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டது. இரட்டைக் கோபுரங்களின் உயரம் 175 அடி. ஞாயிறன்று பூசை முடியும்வரை வெளியே காத்திருந்து உள்ளே போவதுதான் மரியாதை.

திரும்பித் தெற்கே வந்து சயாஜி ராவ் சாலையை அடைந்தார்கள். தசரா அன்று 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்த யானை செல்லும் சாலை இது. அந்த நாளில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் நிதானமாக நடக்கலாம். இச்சாலையிலுள்ள தேவராஜா மார்க்கெட்டில் மைசூர் மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம், குங்குமக் குவியல்கள் எல்லாவற்றையும் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பெரியவர் வீட்டுக்கு இரண்டு முழம் பூ வாங்கினார்.

மார்க்கெட்டின் வடக்கு வாசல் பகுதி 2016 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. அருகிலுள்ள லேன்ஸ்டவுன் கட்டடம் 1892-ல் கட்டப்பட்டது. 2012 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி சரிந்து நான்கு பேர் மாண்டார்கள். இடிப்பதா, பழுது பார்ப்பதா என்ற வழக்கு நீதிமன்றம்வரை போனது. பழைய மைசூரைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் பார்ப்பது நல்லது.

ஊழியர்கள் கட்டிய கடிகாரம்

அரண்மனைக்கு அருகே "தொட்ட கடியாரா" நிற்கிறது. கன்னடத்தில் பெரிய கடிகாரம் என்று பொருள். உயரம் 75 அடி. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளி விழாவுக்காக 1927-ல் அரண்மனை ஊழியர்கள் பணம் போட்டு எழுப்பியது. சேவகரும் குமாஸ்தாவும் கொடுத்த சிறு தொகைகள் சேர்ந்து இத்தனை உயரம் நிற்கின்றன.

அதன் முகத்தில் இருப்பவை கன்னட எண்கள். "மணி என்ன, சொல்லு பார்ப்போம்" என்றார் பெரியவர். ஐந்தாண்டு கர்நாடகத்தில் இருந்தும் இளைஞருக்குப் படிக்கத் தெரியவில்லை. மண்டிக் கடையில் வேலை பார்த்த நாளில், இந்தக் கடிகாரத்தைப் பார்த்தே தாம் கன்னட எண்களைக் கற்றதாகச் சொல்லி, ஒன்று முதல் பன்னிரண்டுவரை விரல் நீட்டிச் சொல்லிக் கொடுத்தார் பெரியவர். சம்பளச் சீட்டு முதல் பஸ் எண்வரை பயன்படும் பாடம்; கட்டணம் இல்லை.

ஏழு மணி

ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை ஏழு மணிக்கு அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே நேரத்தில் எரியும். பழைய அரண்மனை 1897-ல் தீக்கிரையான பின், 1912-ல் கட்டி முடிக்கப்பட்டது இது. இதை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தையும் வடிவமைத்தவர். ஊருக்கு ரயிலேறும் நம்மவர் பலருக்கு அவர் கைவேலை முன்பே பழக்கம்!

விளக்குகள் எரிந்ததும் கூட்டம் "ஆ" என்றது. அந்தச் சத்தத்துக்கு நடுவே இளைஞர் மெல்லச் சொன்னார்: "அண்ணே, அந்தப் பணம்…"

"மெதுவா வரட்டும். பணம் வராததுக்காக நீ வராம இருக்காதே" என்றார் பெரியவர்.

இரவு ரயிலில் கணக்குப் பார்த்தபோது ஆளுக்கு முந்நூறில் சில்லறை மிச்சம். பெங்களூரில் இறங்கும்போது, "அடுத்த மாசம் எங்கே போறோம், அண்ணே?" என்று கேட்டவர் இளைஞர்.

வெளியூரில் பிழைக்கும் நம்மவர் பலர், செலவுக்குப் பயந்தும் கடனுக்குக் கூசியும் ஞாயிறு முழுவதும் அறையில் படுத்துக் கழிக்கிறார்கள். கூப்பிட ஒருவர் இருந்தால் போதும். ஒரு நாளைக் கழிக்க அதிகக் காசு தேவையில்லை.