எஸ்எஸ்டி போட்டதும் பழைய கம்ப்யூட்டர் ஏன் பறக்கிறது?

பட்டனைத் தட்டிவிட்டு காபி போட்டு வந்தாலும் உங்கள் பழைய கம்ப்யூட்டர் இன்னும் எழவில்லையா? பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம்.

அதற்குள் ஒரு தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. தகவல் இருக்கும் தடத்துக்கு, அதைப் படிக்கும் முள் நகர வேண்டும். அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் விநாடியில் சுமார் நூறில் ஒரு பங்கு போய்விடும். இது ஒரு பெரிய விஷயமா என்கிறீர்களா? விண்டோஸ் எழ, ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேட வேண்டுமே! கடுகுக்கு ஒருமுறை, சீரகத்துக்கு ஒருமுறை பரணில் ஏறி இறங்கித் தாளிப்பதுபோல.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியோ கைக்கெட்டும் அஞ்சறைப்பெட்டி. சுழல எதுவுமில்லை, கேட்டதும் சிப்பிலிருந்து தகவல் வந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் இதே வேகம் வருமா? அது வேறு கதை. விளையாட்டு போன்றவற்றின் காட்சிகளை வேகமாக வரைவதுதான் அதன் முக்கிய வேலை. வாங்குமுன் பவர் சப்ளை எத்தனை வாட் என்று பாருங்கள். தனி மின்வயர் கேட்காத கார்டு, அதைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடிவிடும். பழைய பெட்டிக்கு அதுவே நல்லது.