உச்சவரம்பு உள்ளே, சிறிய கால்பந்து கிளப்புகள் வெளியே

புது தில்லி: 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி ஷில்லாங்கில் நடந்த ஆட்டத்தை 1-1 என்ற கணக்கில் சமன் செய்து, ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தைக் கைப்பற்றியது ஐஸால் எஃப்.சி. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற செல்வாக்கு மிக்க கொல்கத்தா கிளப்புகளைப் பின்னுக்குத் தள்ளி, மிஸோரம் மாநிலத்தின் சிறிய கிளப் ஒன்று தேசிய சாம்பியன் ஆனது. வடகிழக்கு மாநிலங்களில் இருந்து இப்பட்டத்தை வென்ற முதல் அணியும் அதுவே.

ஆனால், சில மாதங்களிலேயே அந்த அணி கலைந்தது. பயிற்சியாளர் காலித் ஜமீலும் நடுக்கள வீரர் அல் அம்னாவும் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றனர். வேறு சிலர் ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் அணிகளில் சேர்ந்தனர். பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் நிறைந்த ஐ.எஸ்.எல். போட்டியிலோ சாம்பியனுக்கு இடம் கிடைக்கவில்லை.

பெரிய கிளப்புகளின் செலவுக்கு வரம்பு விதித்தால் சிறிய கிளப்புகளுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்ற வாதத்தை இந்த நிகழ்வோடு வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

இரு வகை விதிகள்:

உலகக் கால்பந்தில் செலவுக் கட்டுப்பாடு இரு வகைகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. முதலாவது, ஐரோப்பிய முறை. "விரலுக்கேற்ற வீக்கம்' என்பதே அதன் அடிப்படை. வருமானத்தில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் அணிக்காகச் செலவிடக் கூடாது என்கிறது ஐரோப்பியக் கால்பந்து சங்கங்களின் ஒன்றியம். இந்த வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2025-26 பருவத்தில் 70 சதவீதம் ஆனது.

கிளப்புகள் கடனில் மூழ்காமல் இருக்க இவ்விதி உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், வருமானம் மிகுந்த கிளப் மிகுதியாகச் செலவிடலாம். வருமானம் குறைந்த கிளப் குறைவாகவே செலவிட முடியும். ஆக, இருக்கும் ஏற்றத்தாழ்வு அப்படியே உறைந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இதற்கு உதாரணம். 23 ஆண்டுகளுக்குப் பின் 2022-இல் பிரீமியர் லீகுக்குத் திரும்பிய அந்த அணிக்கு 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மூன்று பருவங்களும் பிரீமியர் லீகில் இருந்த அணிக்கு 10.5 கோடி பவுண்டு வரை இழப்பு அனுமதிக்கப்பட்டது. கீழ்நிலைப் பிரிவில் இருந்து வந்த ஃபாரஸ்டுக்கோ 6.1 கோடி பவுண்டுதான். முன்னேறி வந்ததற்காகவே அதன் வரம்பு குறுகியது.

இரண்டாவது, இந்திய முறை. இங்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லை. வீரர்களின் ஊதியத்துக்கு அனைத்து அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. 2020-21 ஐ.எஸ்.எல். பருவத்தில் இது ரூ. 16.5 கோடி. நட்சத்திர வீரர்களுக்கான விலக்கு நீங்கலாக, ஏட்டளவில் ஐரோப்பிய முறையைவிட இது சமத்துவமானது.

உள்ளே நடந்தது என்ன?

இருப்பினும், பலன் முழுமையாகக் கிட்டவில்லை. 2019-20 முதல் 2024-25 வரையிலான ஆறு பருவங்களில் லீக் கேடயத்தை மும்பை சிட்டி இரண்டு முறை வென்றது. ஊதியத்துக்கு வரம்பு வைக்கலாம். பயிற்சி வசதி, திறமையாளரைத் தேடும் கட்டமைப்பு, உரிமையாளரின் செல்வாக்கு ஆகியவற்றுக்கு வரம்பு வைப்பது எளிதல்ல.

அதைவிட முக்கியமானது, "இதற்கு மேல் கொடுக்காதே' என்று கூறும் விதி, "கொடுக்க வேண்டியதைக் கொடு' என்பதை உறுதி செய்வதில்லை. 2021-22-இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற ஹைதராபாத் எஃப்.சி., ஊதிய பாக்கிப் பிரச்னையில் சிக்கி, புதிய வீரர்களைச் சேர்க்க 2023-இல் ஃபிஃபாவின் தடைக்கு ஆளானது. 2025-இல் உரிமையாளர் மாறி, தலைநகருக்கு இடம்பெயர்ந்து, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயர் மாற்றிக் கொண்டது. சாம்பியன் பட்டம் வென்று நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு நகரம் தன் கிளப்பை இழந்தது.

திறக்காத கதவு:

சிறிய கிளப்புகளுக்கு உண்மையான தடை செலவு வரம்பு அல்ல; நுழைவுக் கட்டணம்தான். 2017-இல் ஐ.எஸ்.எல். புதிய அணிகளைச் சேர்த்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 15 கோடி கட்டணம் என்ற நிலை இருந்தது. வீரர்களுக்கான ஊதிய உச்சவரம்புக்கு நிகரான தொகையை வாசலிலேயே வைக்க வேண்டும் என்றால், ஐஸால் போன்ற கிளப் என்ன செய்யும்?

கோவையைத் தாயக மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19-இல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதற்கும் மேலே செல்ல வழியில்லை. 2020-21 பருவத்துக்குப் பின் அந்த அணி ஐ-லீகில் ஆடவே இல்லை.

ஐ-லீக் சாம்பியன் கட்டணமின்றி ஐ.எஸ்.எல். போட்டிக்கு முன்னேறும் முறை 2022-23 பருவத்தில்தான் வந்தது. அவ்வாறு பஞ்சாப் எஃப்.சி.யும் அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங்கும் நுழைந்தன. ஆனால், நூற்றாண்டு கண்ட முகமதன் ஸ்போர்ட்டிங், ஊதிய பாக்கிச் சிக்கலுடன் 2024-25-இல் 13 அணிகளில் கடைசி இடம் பெற்றது. கதவு திறந்தால் மட்டும் போதாது; உள்ளே நிலைத்து நிற்க வருவாய்ப் பங்கும் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

தில்லியின் பொறுப்பு:

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-இல் ரூ. 700 கோடிக்கு வணிக உரிமையை 15 ஆண்டுகளுக்கு வழங்கிய ஒப்பந்தம், 2025 டிசம்பரில் முடிந்தது. புதிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. பெரிய கிளப்புகளே ஊதியத்தை நிறுத்திவைக்கும் நிலை ஏற்பட்டது. மத்திய அரசின் தலையீட்டுக்குப் பின், 14 அணிகளுடன் 2026 பிப்ரவரியில் ஐ.எஸ்.எல். சுருக்கமாகத் தொடங்கியது.

இதனிடையே, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த சம்மேளன விதிகள், முதன்மை லீக் சம்மேளனத்துக்கே உரியதாக இருக்க வேண்டும் என்றும், அதில் மேலேறுதலும் கீழிறங்குதலும் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. சிறிய கிளப்புகளுக்குக் கிடைத்துள்ள உருப்படியான பாதுகாப்பு இதுவே.

செலவு உச்சவரம்பு தேவையற்றது என்பதல்ல. வசதி படைத்தவர் பணத்தை வாரியிறைத்து ஆட்டத்தையே விலைக்கு வாங்குவதை அது ஓரளவு தடுக்கும். ஆனால், ஒளிபரப்பு வருவாயில் நியாயமான பங்கு, ஊதியத்துக்கு முன்கூட்டியே வங்கி உத்தரவாதம், பயிற்றுவித்து அனுப்பிய வீரருக்குத் தவறாத இழப்பீடு ஆகிய மூன்றும் இல்லாமல் அது மட்டும் போதாது.

ஐஸால் அணியை அன்று சாம்பியனாக்கிய காலித் ஜமீல், 2025 ஆகஸ்டில் தேசிய அணியின் பயிற்சியாளரானார். பயிற்சியாளர் உச்சிக்குச் சென்ற அதே பாதை, அவர் உருவாக்கிய அணிக்கும் திறந்திருக்க வேண்டாமா என்பதே கேள்வி.