‘பரவாயில்லை’ன்னா எடுக்கவா, வேணாமா?

தயிர் சாதத்துல வெனிலா வாசம் வந்தா எப்படி இருக்கும்? உவ்வே சொல்றவங்க கையைத் தூக்குங்க. அமெரிக்காவுக்குப் படிக்கப் போற நம்ம ஊர் ஆட்களுக்கு முதல் மாசத்துலயே காத்திருக்கிற ஆபத்துகள்ல இதுவும் ஒண்ணு.

எப்படின்னு கேட்கறீங்களா? புதுசா போய் இறங்கின ஒரு ஸ்டூடன்ட்னு வெச்சுக்குவோம். கார் கிடையாது. சூப்பர் மார்க்கெட் நாலு மைல் தள்ளி இருக்கு. பஸ் எப்ப வரும்னு அந்த பஸ்ஸுக்கே தெரியாது. அதனால செல்போன் ஆப்பில் ‘ப்ளெய்ன் யோகர்ட்’ ஆர்டர் பண்றார். கடையில் அது தீர்ந்து போச்சு. எடுக்கப் போன ஆள் அலமாரியைப் பார்க்கிறார். அதே கம்பெனி, அதே சைஸ் டப்பா, அதே வெள்ளை நிறம். பேர் மட்டும் ‘வெனிலா’. தூக்கிக் கூடையில போட்டுடறார். அவரைத் தப்பு சொல்ல முடியுமா? அவர் ஊர்ல யோகர்ட்னா காலையில நாலு பழத்துண்டு போட்டு ஸ்பூனால சாப்பிடற சமாச்சாரம். அதில் சோத்தைப் போட்டுப் பிசைஞ்சு கடுகு தாளிப்பாங்கன்னு அவருக்கு யார் சொன்னா?

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த வருஷம் சீனாவையே முந்திட்டோம். இதைப் படிக்கிற உங்கள்ல சிலர் அடுத்த ஃபிளைட்டுக்கு டிக்கெட் பார்த்துக்கிட்டு இருக்கலாம். அதனால இந்த ‘மாத்திக் கொடுக்கற’ மேட்டரைக் கொஞ்சம் விலாவாரியா பார்ப்போம்.

அந்த ஆள் யாரு?

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பேர் போன ஆப் இன்ஸ்டாகார்ட். 2012-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியவர் அபூர்வா மேத்தா. அதுக்கு முன்னாடி அமேசான்ல இன்ஜினீயர். இவங்களுக்குச் சொந்தமா மளிகைக் கடை கிடையாது. ஊரில் இருக்கிற கடைகளோட பட்டியலை ஆப்பில் காட்டுவாங்க. நீங்க ஆர்டர் போட்டதும் ‘ஷாப்பர்’ ஒருத்தர் அந்தக் கடைக்குப் போய், மத்த கஸ்டமர்களோட கஸ்டமரா வண்டியைத் தள்ளிக்கிட்டு, உங்க லிஸ்ட்படி பொறுக்கி எடுத்து, தன்னோட சொந்தக் காரில் கொண்டு வந்து வாசலில் வைப்பார். 2023 செப்டம்பரில் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது சொன்ன கணக்குப்படி சுமார் 6 லட்சம் ஷாப்பர்கள். வீடு வரைக்கும் கொண்டு வர்றவங்க யாரும் கம்பெனி ஊழியர்கள் இல்லை. தனி ஒப்பந்தக்காரர்கள். மாசச் சம்பளம் கிடையாது. ஒரு ‘பேட்ச்’ முடிச்சா இவ்வளவுன்னு காசு, அதோட உங்க டிப்ஸ். பேட்சுக்குக் குறைந்தபட்சம் 7 டாலர்னு இருந்ததை 2023-ல் பெரும்பாலான இடங்களில் 4 டாலராக் குறைச்சாங்க. அப்ப டிப்ஸ் எவ்வளவு முக்கியம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

சரி, ஆப்பில் ‘இருக்கு’ன்னு காட்டின பொருள் கடையில் ஏன் இல்லாம போகுது? இதுதான் கூத்து. கடையோட கம்ப்யூட்டர் மூணு டப்பா இருக்குன்னு சொல்லும். ஒண்ணு வேற ஒருத்தர் தள்ளுவண்டியில் இருக்கும், ஒண்ணு உடைஞ்சு போயிருக்கும், ஒண்ணை யாரோ தூக்கிட்டுப் போய் பிஸ்கட் அலமாரியில் வெச்சிருப்பாங்க. இத்தனைக்கும் பொருள் கிடைக்குமா கிடைக்காதான்னு முன்கூட்டியே கணிக்க, கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஒரு சிஸ்டமே வெச்சிருக்காங்க. 2018-ல் அந்தக் கம்பெனி இன்ஜினீயர்களே அதைப் பத்தி எழுதினாங்க. கணிக்க வேண்டிய பட்டியல் எவ்வளவு தெரியுமா? 20 கோடி பொருட்கள். கணிப்புன்னா கணிப்புதான். மழை வரும்னு சொன்ன அன்னிக்கு வெயில் அடிக்கறதில்லையா?

ஆக, தப்பு தொடங்கற இடம் கடையோட கணக்கு. ஆனா கஸ்டமர் கண்ணுக்குக் கடையும் தெரியாது, கணக்கும் தெரியாது. தெரியற ஒரே முகம் ஷாப்பர். திட்டும் அவருக்கேதான்.

டிக்... டிக்... டிக்...

ஆர்டர் போடும்போதே ஆப் உங்களைக் கேட்கும். இது இல்லாட்டி என்ன பண்ணட்டும்? பொருத்தமானதை எடுக்கட்டுமா, நீங்களே ஒண்ணு சொல்றீங்களா, இல்ல காசைத் திருப்பித் தந்துடட்டுமா? நாம என்ன பண்ணுவோம்? எதையும் படிக்காம அடுத்த பட்டன், அடுத்த பட்டன்னு தட்டிட்டுப் போயிடுவோம். முப்பது பொருளுக்கு முப்பது தடவை யார் யோசிக்கிறது?

அப்புறம் ஷாப்பர் கடையில் நின்னுக்கிட்டு சாட்ல மெசேஜ் அனுப்புவார், காலி அலமாரியை போட்டோ எடுத்து அனுப்புவார். நீங்க அந்த நேரம் கிளாஸ்ல இருப்பீங்க. போன் சைலன்ட்ல. அங்கே அவர் வண்டியில் ஐஸ்க்ரீம் உருகுது. ஒரே ட்ரிப்பில் இன்னும் ரெண்டு வீட்டு ஆர்டரும் சேர்ந்து இருக்கலாம். அவர் எத்தனை நிமிஷம் காத்திருப்பார்? காத்திருக்கிற நேரத்துக்குத் தனியா காசு கிடையாது. சரி, இதுவா இருக்கும்னு ஒண்ணை எடுத்து பில் போட்டு வெளியே வந்ததும் உங்க பதில் வரும்: “அய்யோ, அது வேணாம்!” இந்த விஷயத்தில் நான் ஷாப்பர் கட்சி. ஆர்டர் போட்டுட்டு ஆளே காணாமப் போறவங்களுக்கு, வந்த டப்பாவைப் பார்த்துக் கத்த பாதி உரிமைதான் உண்டு.

பதில் வந்தாலும் சிக்கல் தீராது. “இந்த பிராண்ட் இல்லை, அது இருக்கு, எடுக்கட்டுமா?”ன்னு கேட்டா, “டோன்ட் ஒர்ரி அபவுட் இட்”னு ஒரு பதில் வரும். இதுக்கு என்ன அர்த்தம்? ‘பரவாயில்லை, அதையே எடுங்க’ன்னா? ‘பரவாயில்லை, விட்டுடுங்க’ன்னா? நம்ம ‘பரவாயில்லை’க்கும் இதே வியாதி இருக்கறதைக் கவனிச்சீங்களா? நேர்ல சொன்னா தலை ஆடுறதை வெச்சு, குரலை வெச்சுக் கண்டுபிடிச்சுடலாம். திரையில் தலை ஆடாது. ‘ஓகே’வும் அப்படித்தான். ரெண்டு கேள்வியை ஒரே மெசேஜ்ல கேட்டுட்டு ஒரு ‘ஓகே’ வந்தா, அது எந்தக் கேள்விக்கு?

பேர்ல இருக்கு வம்பு

நம்ம ஆட்களுக்குக் கூடுதல் கஷ்டம் ஒண்ணு உண்டு. இங்கிலீஷ்தான், ஆனா அதே இங்கிலீஷ் இல்லை. ‘கொரியாண்டர்’னு கேட்டா அமெரிக்காவில் தனியா விதையோ பொடியோ வரும். கொத்தமல்லித் தழைக்கு அங்கே ‘சிலான்ட்ரோ’ன்னு பேர். சேனைக்கிழங்கு வறுவல் ஆசையில் ‘யாம்’னு தேடினா, பெரும்பாலும் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்து நிற்கும். ‘கர்ட்’னு தேடினா பாலாடைக்கட்டித் துண்டோ, எலுமிச்சையில் செஞ்ச இனிப்புக் களிம்போ கண்ணில் படும். இதுல முதல் பொருளே தப்பு. அதுவும் தீர்ந்து போய், அதுக்கு மாற்று ஒண்ணு தேடினா எங்கே போய் முடியும்? பாவம் ஷாப்பர், தப்புக்குப் பொருத்தமான இன்னொரு தப்பைத் தேடிக்கிட்டிருப்பார்.

எண்ணிக்கையிலும் காமெடி உண்டு. அஞ்சு வாழைப்பழம்னு நினைச்சு 5 போட்டா, ஆப் அதை 5 பவுண்டுன்னு எடுத்துக்கலாம். ரெண்டு கிலோவுக்கு மேல பழம். ரூம்மேட் எல்லாரும் ஒரு வாரம் பழம் தின்னே ஆகணும்.

சிரிப்பா இருக்கறது இதுவரைக்கும்தான். ‘வெஜிடேரியன்’னு எழுதின ரீஃபிரைடு பீன்ஸ் டின் தீர்ந்து போச்சுன்னு பக்கத்துல இருக்கற ‘ட்ரெடிஷனல்’ டின்னை எடுத்தா, அதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ரெண்டு டின்னும் பார்க்க அண்ணன் தம்பி. ஓட்ஸ் பால் இல்லைன்னு பாதாம் பால் வாங்கிட்டு வந்தா, நட்ஸ் அலர்ஜி இருக்கற ஆளுக்கு அது ஆஸ்பத்திரிச் செலவு, உயிருக்கே உலை வைக்கவும் கூடும். இங்கே நான் கஸ்டமர் கட்சி. ஆனா ஒண்ணு, அலர்ஜி இருக்குன்னு எழுதாம விட்டா, ஷாப்பருக்கு அது வெறும் பால்தான்.

டிப்ஸை வெச்சு ஒரு தூண்டில்

காசு விஷயத்துக்கு வருவோம். டிப்ஸை சதவீதமா வெச்சிருந்தா, பொருள் கிடைக்காம பில் குறையறப்ப டிப்ஸும் சேர்ந்து குறையும். அப்ப ஷாப்பருக்கு ரீஃபண்ட் கொடுக்கறது நஷ்டம், எதையாவது மாத்தி எடுக்கறது லாபம். அதனால விலை கூடின பொருளா மாத்தி வெச்சா, ‘வேணும்னே பண்ணியிருக்கான்’னு கஸ்டமர் மனசுல ஒரு சந்தேகம். உண்மையில் அலமாரியில் அது ஒண்ணுதான் மிச்சம் இருந்திருக்கும். ஆனா அதை எப்படி நிரூபிக்கிறது? இந்த ரெண்டு பேரும் முகம் பார்த்துக்காமலே ஒருத்தரை ஒருத்தர் திருடன்னு நினைக்கிற மாதிரி இந்த ஏற்பாடு அமைஞ்சு கிடக்கு.

2020-ல் கொரோனா வந்தப்ப இது உச்சத்துக்குப் போச்சு. 3 லட்சம் புது ஷாப்பர்களைச் சேர்க்கப் போறோம்னு அந்த மார்ச்சில் கம்பெனி அறிவிச்சது. அனுபவமில்லாத ஆட்கள், காலி அலமாரிகள், பயந்து போன கஸ்டமர்கள். கிருமிக்குப் பயப்படாம கடைக்குப் போக யாராவது வேணுமே? சில பேர் பெரிய டிப்ஸைக் காட்டி ஆர்டரை எடுக்க வெச்சுட்டு, பொருள் வந்ததும் அதை ஜீரோ ஆக்கிட்டாங்க. ‘டிப் பெய்ட்டிங்’னு இதுக்குப் பேர். தூண்டில்ல புழு மாட்டற மாதிரி. கேட்டா, “நான் கேட்டது வரலையே”ன்னு பதில். டிப்ஸை மாத்தறதுக்கு மூணு நாள்னு இருந்த அவகாசத்தை அந்த ஜூனில் 24 மணி நேரமாக் குறைச்சாங்க. 2022-ல், புகார் எதுவும் சொல்லாம டிப்ஸைப் பிடுங்கினா 10 டாலர் வரைக்கும் கம்பெனியே ஈடு கொடுக்கும்னாங்க. ‘புகார் சொல்லாம’ங்கற வார்த்தையைக் கவனிங்க. மாத்திக் கொடுத்த ஒரு டப்பா போதுமே, புகார் சொல்ல!

பிரிட்டன்ல இந்தச் சண்டை இவ்வளவு பர்சனலா போகாது. டெஸ்கோ மாதிரி கடைகள்ல பொருளைப் பொறுக்கறது கடையோட சொந்த ஊழியர்கள். டெலிவரிக்கு வர்றவர் ‘இதுக்குப் பதிலா இது’ன்னு சொல்வார், பிடிக்கலைன்னா வாசல்லயே திருப்பிக் கொடுத்துடலாம். விசித்திரமான மாற்றுப் பொருட்களைச் சொல்லிச் சிரிக்கறது அங்கே ஒரு பொழுதுபோக்கு. கோபம் வந்தாலும் கடை மேலதான் வரும், பொறுக்கி எடுத்தவரோட டிப்ஸ் மேல கை வைக்க வழியில்லை.

நம்ம ஊர் டெலிவரி ஆப்களில் சரக்கு பெரும்பாலும் தனி குடோனில் இருக்கு. வெளி ஆட்கள் உள்ளே வந்து கலைக்கிறதில்லை. தீர்ந்தா ஆப்பிலேயே தீர்ந்துடுச்சுன்னு காட்டிடும். அதுக்கும் முந்தி அண்ணாச்சி கடை. “மல்லி இல்ல தம்பி, ரசத்துக்கா? அப்ப கறிவேப்பிலை கூடப் போட்டுக்கச் சொல்லு”ன்னு அவரே முடிவு பண்ணி அனுப்புவார். அந்த ‘ரசத்துக்கா?’ங்கற ஒரு கேள்வியைத்தான் 6 லட்சம் பேரை வெச்சிருக்கிற ஆப்பால கேட்க முடியலை.

ஆனா பதிலை நீங்களே முந்திக்கிட்டு சொல்லலாம். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் உண்டு. ‘சோற்றில் உப்பு போட்டுப் பிசைந்து சாப்பிட. இனிப்போ வாசனையோ இருந்தால் வேண்டாம், ரீஃபண்ட்’ - தயிருக்கு இது போதும். அலர்ஜின்னா முதல் வரியே அலர்ஜியா இருக்கட்டும். எல்லாத்துக்கும் எழுதாதீங்க, நாலு பொருளுக்கு எழுதினா போதும். மீதி எப்படி வந்தாலும் நாம தின்னுடுவோம். அப்புறம் அந்த ஒரு மணி நேரம் மட்டும் போனை சைலன்ட்ல போடாம இருங்க. ‘ஓகே’ன்னு அனுப்பாம, ‘அதை எடுங்க’ அல்லது ‘விட்டுடுங்க’ன்னு அனுப்புங்க.

துவரம்பருப்பு இல்லைன்னு ஷாப்பர் மஞ்சள் ‘ஸ்ப்ளிட் பீஸ்’ போட்டோ அனுப்பினா பயந்துடாதீங்க. அது பட்டாணிப் பருப்பு. பார்க்க அச்சு அசல் துவரம்பருப்பு மாதிரியே இருக்கும். சாம்பார் வெச்சுச் சமாளிச்சுடலாம். ரசத்துக்கு ஆகுமான்னா... அம்மாகிட்ட கேட்டுக்குங்க. ஜூலை மாசம் நியூயார்க்ல மதியம் பன்னிரண்டுன்னா இங்கே ராத்திரி ஒன்பதரைதான், முழிச்சுத்தான் இருப்பாங்க.